எதிர்ப்பவர்கள் எழும்பி நிற்கவும்

இன்னும் மணி அடிக்கவில்லை. மணி அடித்தால்தான் வெளியே நிற்கிறவர்களும் உள்ளே வந்து அவரவர் கதிரையில் இருப்பார்களாம், அதற்குப் பிறகுதான் வாக்கெடுப்பு, அதுவரைக்கும் இப்படி ஒருவர் மாறி ஒருவர் ஏறிக் கதைத்துவிட்டு இறங்குவார்கள், நீங்கள் பயப்படாமல் இருங்கோ அம்மா என்று சொல்லித்தான் மகள் மெற்றில்டா என்னை இந்த மேல்மாடத்தில் விட்டுவிட்டுப் போனாள். கைதட்டக்கூடாது, கதைக்கக்கூடாது. செபமாலை? "செபமாலை பரவாயில்லை, சத்தம் வராமல் சொல்லுங்கோ." கோட்டையும் கைப்பையையும் தொலைபேசியையும் வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள், செபமாலையை மட்டும் அந்தக் காவல்காரி தூக்கிப் பார்த்துவிட்டு, குருவிக்குஞ்சைத் திருப்பித் தருகிறவள் மாதிரி இரண்டு கையாலும் தந்தாள். அது இப்போது மடியில் கிடக்கிறது, விரல் ஒரு முத்தில் நிற்கிறது, எத்தனையாவது முத்தென்று எனக்கே தெரியவில்லை. கீழே அரைவட்டமாகக் கதிரைகள், மேலிருந்து பார்க்கத் தலைகள்தான் தெரிகின்றன, பொன்நிறம், நரை, மொட்டை, நடுவே ஒரு கறுப்புக் கொண்டை, அது என்னுடைய பிள்ளை. வடக்குக் கரையில் மீன் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் கால் கடுக்க நின்றவளுடைய பிள்ளை நோர்வே நாட்டுப் பாராளுமன்றத்தில் இருக்கிறாள். எங்கள் மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் சுகமில்லாமல் படுத்துவிட்டதால் மூன்று மாதத்துக்கு அவருடைய இடத்தில் இவள். இடம் இரவல்தான், வாக்கு இரவல் இல்லை என்கிறாள். இன்றைக்குப் பொத்தான் அமர்த்துகிறது இல்லையாம், பழைய முறையாம். எதிர்ப்பவர்கள் எழும்பி நிற்கவும் என்று சபாநாயகர் சொல்லுவார், எதிர்க்கிறவர்கள் எழும்பவேண்டும், சம்மதிக்கிறவர்கள் கதிரையிலேயே பேசாமல் இருந்தால் போதும். இருக்கிறதுதான் ஆம். மெற்றியின் கட்சி எழும்பும். மெற்றி எழும்பமாட்டாள். நேற்றுப் பின்னேரம் கோப்பிக் கடையில் இருந்து இதை அவள் சொன்னபோது நான் சீனியைப் போட்டுக்கொண்டே இருந்தேன், எத்தனை கரண்டி போட்டேனோ தெரியாது. எழும்பாவிட்டால் இலையுதிர் காலத்துத் தேர்தல் பட்டியலில் உன்னுடைய பெயர் இருக்காது என்று கட்சித் தலைவி சொல்லிப்போட்டாவாம். சத்தம் போட்டுச் சொல்லவில்லையாம், தோளில் கை வைத்துத்தான் சொன்னாவாம். எனக்கு அந்தக் கைதான் பயம்.

வாக்கு எதற்கென்றால் வானத்தில் சுற்றுகிறவைக்கு. பல நாடுகள் சேர்ந்து மேலே விட்டிருக்கிற செய்மதிகள், கடலிலும் தெருவிலும் போகிறவனுக்கு நீ இன்ன இடத்தில் நிற்கிறாய் என்று காட்டுகிறவை. அதில் இந்த நாடும் இனிமேலும் பங்காளியாக நிற்கிறதா, ஆரும் இடையில் குழப்ப ஏலாதபடி அவை அனுப்புகிற புதுக் குரல் ஒன்றையும் சேர்த்து எடுக்கிறதா என்பதுதான் கேள்வி. தைமாதம் வீட்டுக்கு வந்தபோது குசினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பரப்பி வைத்து எனக்குப் படிப்பித்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் கோப்பை என்றால் விளங்கும். "ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு மணிக்கூடு இருக்கு அம்மா. அது நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுத்துது. அவ்வளவுதான் அதின்ர வேலை." அப்ப அது எங்களைப் பார்க்கிறதில்லையோ என்று கேட்டேன். "பார்க்கிறதில்லை. நாங்கள் இருக்கிறமெண்டே அதுக்குத் தெரியாது. நாலு மணிக்கூட்டின்ர சத்தத்தைக் கேட்டால், எது எவ்வளவு பிந்தி வருகுதெண்டு பார்த்து, நாங்கள் நிக்கிற இடத்தை நாங்களே கணக்குப் பண்ணலாம்." எவ்வளவு உயரத்தில்? இருபத்துமூவாயிரம் கிலோமீற்றர். பிழைக்காதோ? முப்பது லட்சம் வருஷத்துக்கு ஒரு செக்கன் பிழைக்குமாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது லட்சம் வருஷத்துக்கு முந்தி ஆர் இருந்தது, ஒரு செக்கன் பிந்திவிட்டது என்று ஆர் வந்து கேட்பது. நான் இதுநாள்வரை ஆண்டவர் மேலே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தே செபித்தவள், என் பிள்ளைகளைப் பாரும், என் மனுஷனுடைய முழங்காலைப் பாரும், பாரும், பாரும். ஒன்றையும் பார்க்காமல், ஆர் நல்லவன் ஆர் கெட்டவன் என்று கேட்காமல், எல்லோருக்கும் ஒரே நேரத்தைச் சொல்லிக்கொண்டு, கேட்கிறவனுக்கு அவனுடைய இடத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்தது தெரியாமலே தன் பாட்டில் போகிற ஒன்று மேலே இருக்கிறதென்றால், அது ஆண்டவருடைய தூதனான சம்மனசு இல்லாமல் வேறென்ன என்று ஒரு கணம் நினைத்தேன், நினைத்ததும் பிழையோ என்று பயந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். மெற்றி சிரித்தாள். அவளுடைய தகப்பன் கட்டிலில் காலை நீட்டியபடி அங்கிருந்தே, "இஞ்சாரும், ஒரு முருங்கை மரம் எந்த வளவுக்குள்ள நிக்குதெண்டு உம்மட அண்ணரும் நானும் பதினொரு வருஷம் வழக்குப் பேசிக் கோடு ஏறினனாங்கள். இவங்கள் பார் வானத்தையே வேலி போடாமல் வைச்சிருக்கிறாங்கள்" என்றார். "மரம் எங்கட வளவுக்கைதான் நிண்டது" என்றேன். "பாத்தியே பிள்ளை, கொம்மாவின்ர மணிக்கூடு மட்டும் பிழைக்காது" என்றார். இப்போது இதை நினைக்கச் சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் கூடாதோ தெரியாது, சொல்லவில்லை அவள்.

கண்ணாடி போட்ட ஒருவர் ஏறியிருக்கிறார், கையை மேலே மேலே காட்டுகிறார், வாய்க்குள் முணுமுணுக்கிற மொழி, எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. மீன் என்கிறார், கடல் என்கிறார், வடக்கு என்கிறார், அந்த வடக்கில்தான் என் மகன் லியோன் மீன் பிடிக்கிறான், இப்போதும் கடலில் நிற்பான். மாசி மாதம் ஒருநாள் அவனுடைய படகில் அந்தச் செய்மதிக் குரல் நின்றுபோனது. ஆரோ வேண்டுமென்று குழப்புகிறார்களாம், ஆரென்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பனி கொட்டுகிறது, படகின் மூக்கே தெரியவில்லை, திரையில் பார்த்தால் படகு கரையில் மலை உச்சியில் நிற்கிறது. அடுத்தநாள் தொலைபேசியில் சிரித்தான். "அம்மா, நேற்று மூண்டு மணித்தியாலம் மலையில நிண்டு மீன் பிடிச்சனான். ஒரு மான் வந்து விலை கேட்டது." நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்தபிறகு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாத கடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எண்பத்தைந்தில் குருநகரில் இருந்து ராமேஸ்வரத்துக்குப் போன படகில் பதினான்கு பேர், பகல்தான், வெயிலே இல்லை, பனிப்புகார் மூடி வானமும் தண்ணியும் ஒரே சாம்பல். ஓட்டி எஞ்சினை நிற்பாட்டிவிட்டு எழும்பி நாலு பக்கமும் பார்த்தான், பார்த்துவிட்டு இருந்தான், மறுபடி எழும்பினான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதபடியால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இந்தப் பக்கம் போனால் கரை, அந்தப் பக்கம் போனால் நேவி, எது எந்தப் பக்கம் என்று பதினான்கு பேருக்கும் தெரியாது, அரை நாள், அந்த அரை நாள் நான் மாதாவிடம் கரையைக் கேட்கவில்லை, சாப்பாட்டைக் கேட்கவில்லை, நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று ஒரு சொல் சொல்லும் என்றுதான் கேட்டேன். அப்போதும் மேலே ஏதாவது சுற்றிக்கொண்டு இருந்ததோ? எங்களுக்குக் கேட்கக் காது இல்லாமல் போனதோ? ஆலையில் ஒரு மேசை இருந்தது, மேல் கண்ணாடி, கீழே வெளிச்சம். கொட் மீன் துண்டை அதில் போட்டால் உள்ளே இருக்கிற புழுவெல்லாம் நிழலாகத் தெரியும், குத்தி எடுக்கவேண்டும், ஒரு நாளைக்கு ஆயிரம் துண்டு. கீழே இருந்து வெளிச்சம் வந்தால் சதைக்குள் இருக்கிறது தெரிகிறது. மேலே இருந்து குரல் வந்தால் நிற்கிற இடம் தெரிகிறது. இரண்டையும் மனுஷன்தான் கண்டுபிடித்தான். என்ன மூளை. என்ன மூளையை எங்களுக்குக் கொடுத்தீர் ஆண்டவரே, அதை வைத்து நாங்கள் செய்கிறதையும் பாரும், பார்த்தும் கோபிக்காதேயும்.

செய்கிறதைப் பாரும். அங்கேதான் என் நினைவு போய்ச் சிக்கி நிற்கிறது, நேற்றில் இருந்து அதே இடத்தில். ஏனென்றால் மெற்றியின் கட்சி சொல்கிறதும் பிழையில்லை. அந்தப் புதுக் குரல் படகுக்காரருக்கு மட்டும் இல்லை, படைகளுக்கும் அதுதானாம், குண்டைக் கொண்டுபோய்க் குறித்த இடத்தில் போடவும் அதே கணக்குத்தானாம், அப்படியான ஒன்றில் நாங்கள் பங்காளியாக மாட்டோம் என்கிறார்கள். கட்சித் தலைவி மேடையில் ஏறிக் கதைத்தபோது நான் உற்றுக் கேட்டேன், மெலிந்த மனுஷி, நரைத் தலை, அழகான நிதானமான கதை, குழந்தைகள் என்று சொன்னா, ஆஸ்பத்திரி என்று சொன்னா, என் தலை தானாக ஆமென்று ஆடியது. மெற்றிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது பூ அனுப்பினவ இவதான். வானத்தை அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரத்தைத் தேடாமல் சத்தத்தைத் தேடின ஆட்கள் நாங்கள். குண்டு போடுகிற பொம்பர் சுற்றினால் பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கர்க் குழிக்குள் ஓடினது என்னுடைய அக்கா, பின்னால் நான், மெற்றிக்கு அது கதை, எனக்கு அது கழுத்தில் மண் விழுகிறது. "அப்ப அவை சொல்லுறது சரிதானே மெற்றி" என்று நேற்றுக் கேட்டேன். "சரிதான்" என்றாள். "பிறகு?" "லியோன்ர படகும் சரிதான் அம்மா. ரெண்டும் சரி. எழும்பிறதோ இருக்கிறதோ, ஒண்டைத்தான் செய்யலாம்." இது வெல்லப்போகிற வாக்குத்தானாம், பெரிய கட்சிகள் எல்லாம் சம்மதமாம். அதுதான் எனக்கு ஆறவில்லை. "நீ எழும்பினாலும் அது வெல்லும்தானே பிள்ளை. எல்லாரோடயும் சேர்ந்து ஒரு நிமிஷம் எழும்பி நிண்டிட்டு இருந்தால், படகுக்கும் குரல் வரும், உனக்கும் இடம் போகாது." அவள் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். "வெல்லுமெண்டு தெரிஞ்சுகொண்டு எழும்பினால் நான் ஆரம்மா?" நான் வளர்த்த பிள்ளையா இது என்று பார்த்தேன். பொய் சொல்லாதே, களவெடுக்காதே, கிழமைக்கொருக்கால் பாவசங்கீர்த்தனம் செய் என்று சொல்லித்தான் வளர்த்தேன், அது இவ்வளவு தூரம் போகும் என்று ஆர் கண்டது. கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள் என்றும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

மணி. நெஞ்சுக்குள் அடித்தமாதிரி, கட்டிடம் முழுக்க அடிக்கிறது, கதவுகள் திறக்கின்றன, வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள், வாயைத் துடைத்தபடி ஒருவர், ஒரு காலில் நொண்டியபடி ஒருவர், இவ்வளவு பெரிய காரியத்துக்கு எவ்வளவு சாதாரணமாக வருகிறார்கள், சந்தைக்கு வருகிற மாதிரி. இங்கே கட்சி கட்சியாக இருக்கமாட்டார்கள், மாவட்டம் மாவட்டமாகத்தான் இருப்பார்கள், அதனால் மெற்றிக்குப் பக்கத்தில் அவளுடைய கட்சிக்காரர் ஒருவரும் இல்லை, வேறு கட்சி ஆள் ஒருவர், பெருத்த மனுஷன், எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டிருக்கிறேன், ஏதோ இனிப்புப் பெட்டியை அவளுக்கு நீட்டுகிறார், அவள் ஒன்று எடுக்கிறாள். கட்சித் தலைவி இரண்டு வரிசை முன்னால். சபாநாயகர் கதைக்கிறார், தாளைப் பார்த்து, மூக்கைச் சொறிந்துகொண்டு, பிறகு அந்தச் சொல், எனக்கு விளங்குகிற சொல், எதிர்ப்பவர்கள் எழும்பி நிற்கவும், ஆண்டவரே. அங்கொன்று இங்கொன்றாக எழும்புகிறார்கள், முன்னால், கரையில், தூணுக்குப் பக்கத்தில், கட்சித் தலைவி எழும்பிவிட்டா, இடையிடையே தலைகள் உயர்ந்து நிற்கின்றன, பூசையில் சுவிசேஷம் வாசிக்கப் போகிற நேரம் மாதிரி, அப்போதுதான் தெரிந்தது, நானும் நிற்கிறேன். எப்போது எழும்பினேன்? நான் எழும்பியதும் கதிரை தானாக மடிந்து படாரென்று அடித்தது, மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பூசையில் ஒரு சொல் விளங்காது, சனம் எழும்பினால் எழும்புவோம், சனம் முழந்தாளில் நின்றால் நிற்போம், முப்பத்தைந்து வருஷமாக என் கால் சனத்தைப் பார்த்துத்தான் எழும்புகிறது, என்னைக் கேட்கிறதில்லை. மெற்றி சின்னப்பிள்ளையில் சனத்தைப் பார்க்கிறதில்லை. அவள் என்னைத்தான் பார்ப்பாள். நான் எழும்பினால் எழும்புவாள், நித்திரைத் தூக்கத்திலும் எழும்புவாள். இப்போது சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிறாள். என்னைக் கண்டுவிட்டாள். நான் நிற்கிறதைக் கண்டுவிட்டாள். அவளுடைய இரண்டு கையும் மேசை விளிம்புக்குப் போகிறது, தோள் கொஞ்சம் உயருகிறது, ஐயோ இல்லைப் பிள்ளை, இது அது இல்லை, நான் சும்மா, கால்தான் எழும்பினது, இரு, நீ இரு, அல்லது நான் மனதுக்குள் நினைத்ததுதான் காலுக்கு வந்ததோ, எழும்பிவிடு பிள்ளை, இடத்தைக் காப்பாற்றிக்கொள் என்று நேற்றில் இருந்து நினைத்தது நான்தானே, இல்லை பங்கருக்குள் கிடந்தவள் எழும்பினாளோ, எவள் எழும்பினாள் எனக்குள், தெரியாது, இரு, நான் அப்படியே கீழே விழுந்தேன், மடிந்த கதிரையில் பாதியும் நிலத்தில் பாதியுமாக. காவல்காரி ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள், "சுகமில்லையோ?" என்று காதுக்குள் கேட்டாள், "சுகம், சுகம்" என்றேன், கைப்பிடியின் இடுக்கால் கீழே பார்த்தேன். மெற்றி இருந்தாள். கைகள் மேசையில் விரித்தபடி, இரண்டு கையையும் மேசையோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். எல்லாம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம்கூட இல்லை. சபாநாயகர் மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். நிறைவேறியது. நின்றவர்கள் இருந்தார்கள்.

அவ்வளவுதானா. இருபத்துமூவாயிரம் கிலோமீற்றருக்கு மேலே அந்த மணிக்கூடுகள் இப்போது எந்தக் கடலுக்கு மேலே போகின்றனவோ, தங்களுக்காக ஒரு மண்டபத்தில் கனக்கச் சனம் இருந்ததும் கொஞ்சச் சனம் நின்றதும் அவைக்குத் தெரியாது, என் பிள்ளை இரண்டு கையால் தன்னைத்தானே கதிரையில் அமர்த்தி வைத்திருந்ததும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தேன், நற்கருணை தூக்குகிற நேரத்தில் பார்க்கிற மாதிரி, அப்படிச் சொல்லலாமோ, சொல்லிவிட்டேன். கட்சித் தலைவி திரும்பினா. இரண்டு வரிசைக்கு மேலால் மெற்றியைப் பார்த்தா, கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அப்படிப் பார்க்கவில்லை, வீடு மாறிப் போகிற சனத்துக்குப் பின்னால் கதவைப் பூட்டுகிற மாதிரி மெதுவாகப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பினா. முடிந்தது. பட்டியலில் இனி வேறு பெயர். பெருத்த மனுஷன் மெற்றியிடம் ஏதோ கேட்டார், அவள் தலையை ஆட்டினாள், கன்னத்துக்குள் அந்த இனிப்பு இன்னும் இருந்தது, இங்கிருந்தே தெரிந்தது. நான் செபிக்கப் பார்த்தேன். ஆண்டவரே என் பிள்ளையின் இடத்தை, அதற்கு மேல் வரவில்லை. இடத்தைக் காத்தருளும் என்றா, இடத்தை எடுத்துக்கொண்டீரே என்றா, அவள் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரிகிறதே, அதற்குமேல் நான் என்ன கேட்பது. காவல்காரி குனிந்து, விரும்பினால் நீங்கள் இப்போது போகலாம், முக்கியமானது முடிந்துவிட்டது என்றாள். "கொஞ்சம் இருக்கிறன்" என்றேன். கீழே அடுத்த விஷயம் தொடங்கிவிட்டது, மாரியில் தெருக்களுக்கு உப்புப் போடுகிறதைப் பற்றி, எவ்வளவு போடுவது, எந்தத் தெருவுக்குப் போடுவது, ஒருவர் கொட்டாவி விட்டார், கதவால் சிலர் போனார்கள். சபாநாயகர் தாளைத் திருப்பினார். எதிர்ப்பவர்கள் எழும்பி நிற்கவும். கட்சித் தலைவி எழும்பினா, கட்சிக்காரர் எழும்பினார்கள், எங்கள் மாவட்ட வரிசையில் மெற்றி எழும்பினாள். தனியாக, முதுகு நேராக, சட்டையின் சுருக்கத்தை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டு, நாளைக்கும் நாளன்றைக்கும் இதே வேலைக்கு வரப்போகிறவள் நிற்கிற மாதிரி நின்றாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே என் கால் மறுபடி உன்னியது, நான் கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருந்தபடியே, என் பிள்ளை நிற்கிறதைப் பார்த்தேன்.